கடல்நீரைக் குடிநீராக்க வெயில் மட்டும் போதுமா?



"சிங்கப்பூரைச் சுற்றிலும் கடல், தலைக்கு மேலே வெயில். வெயிலைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கினால் என்ன?" பலருக்கும் எழும் கேள்வி இது. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை நீர் பெற வழிசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. ஆகவே, கேள்வி நியாயமானதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். ஒரு கனமீட்டர் நீருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் தேவை. நாளுக்கு 30 மில்லியன் கேலன் தரும் ஆலைக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் யூனிட்! தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் நிலையத்தின் 122,000 சூரியசக்தித் தகடுகளும் சேர்ந்து அதில் பாதிகூடத் தரா. இரவில் அதுவும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் வேறு வழி கண்டது. அங்கு 2006இல் திறக்கப்பட்ட குவினானா ஆலை பொது மின்கட்டமைப்பிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. அதற்கு ஈடாக, எமு டவுன்ஸ் காற்றாலைகள் அதே கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பின. காற்று நின்றாலும் ஆலை நிற்காது.

எந்த வழியானாலும், மின்விலையும் மழையும் 20 ஆண்டுகளில் எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. துவாஸ்பிரிங் ஆலை 2013இல் திறக்கப்பட்டது. கூடவே எரிவாயு மின்நிலையம் அமைத்து, மிச்ச மின்சாரத்தை விற்று லாபம் பார்க்கலாம் என்று ஹைஃபிளக்ஸ் நிறுவனம் கணக்குப் போட்டது. மின்விலை சரிந்தது. 2018இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதில் சேமிப்பைப் போட்டிருந்த சுமார் 34,000 பேர் தவித்துப் போயினர். 2019இல் பொதுப் பயனீட்டுக் கழகம் கடல்நீர் ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

மரீனா ஈஸ்ட் ஆலையைப் பாருங்கள். 2020இல் இயங்கத் தொடங்கிய அது, மழைக் காலத்தில் நீர்த்தேக்க நீரையும் வறட்சியில் கடல்நீரையும் சுத்திகரிக்கும். நீர்த்தேக்க நீருக்கு மின்செலவு குறைவு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஆலைக்கு வேலை உண்டு.

நேயர்களே, ஆகச் சிறந்த லாபம் தருவது எது என்று தேடுவதைவிட, எது நடந்தாலும் பெருநஷ்டம் தராதது எது என்று கேட்பதே விவேகம். சூரியசக்தியைப் பொது மின்கட்டமைப்பில் சேர்ப்போம். ஆலைகளைப் படிப்படியாகப் பெருக்குவோம். வெயிலை நம்பலாம், வெயிலை மட்டுமே நம்பக்கூடாது.