பத்து வினாடி அச்சம்



உங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. ஓட்டுநர் உரிமம் அலமாரியில் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், மண்ணடிக்குப் போய் வரவும், ராயபுரம் எம்.சி. ரோட்டில் பெருநாள் துணிமணி எடுக்கவும் நீங்களே ஓட்டிச் செல்கிறீர்கள். ஆனால், காசிமேட்டைக் கடந்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஏற வேண்டும் என்றால் மட்டும், "இன்றைக்கு வேண்டாம், பஸ்ஸிலேயே போய்விடலாம்" என்கிறீர்கள். காரணம் கேட்டால் தலைவலி என்று பதில் வருகிறது. ஆண்களாக இருந்தால் தலைவலி என்று சொல்லமாட்டார்கள். "வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்" என்பார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு பெயர்கள்தாம்.

அந்த நோயைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். கேலி செய்வதற்காக அல்ல. என் இல்லத்திலும் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் குடியிருந்தது.

முதலில் அந்தச் சாலைக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது அஞ்சத்தக்க சாலைதான். சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் 1983-இல் தொடங்கப்பட்டது. 2001-இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. 2014-இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாற்றினார்கள். அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இவ்வளவுக்கும் வேண்டிய கண்டெய்னர் லாரிகளும் டேங்கர் லாரிகளும் இந்த வடசென்னைச் சாலைகளில்தான் ஓடியாக வேண்டும். துறைமுக வாயிலில் நெரிசல் ஏற்படும் நாட்களில், ஜீரோ கேட்டில் தொடங்கி வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை டிரெய்லர்கள் அணிவகுத்து நிற்கும். ஒரு பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் குப்பங்கள். மீன் லாரிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் சாலை வழுக்கும். சாலையை அகலப்படுத்தும் வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தலையில் மீன் கூடையைச் சுமந்தபடி அந்த லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும் தாய்மார்களைப் பார்த்தால், காருக்குள் அமர்ந்து கொண்டு நடுங்குகிற நமக்குச் சற்று வெட்கமாகக்கூட இருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் துணைவியாருக்குத் தாய்வீடு பழவேற்காடு. காசிமேட்டிலிருந்து எண்ணூர்ச் சாலையில் போய், எர்ணாவூரில் மேற்கே திரும்பி, மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 50 கிலோமீட்டர். உரிமம் பெற்ற புதிதில் ஒருநாள் மாலை எர்ணாவூரிலிருந்து அவர் வண்டியை ஓட்டி வந்தார். இடப்பக்கம் நின்றுகொண்டிருந்த டிரெய்லர்களின் வரிசை. வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு டிரெய்லர், காது கிழியும்படி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை ஒட்டினாற்போல் கடந்தது. இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஓடை போல இருந்தது எங்கள் பாதை. அவருடைய கைகள் ஸ்டியரிங்கில் விறைத்துப்போயின. மூச்சு முட்டிற்று. கால் பிரேக்கை அழுத்தி, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் சுதாரித்து நிறுத்தியதால் அல்லாஹ்வின் கருணையால் ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "நடு ரோட்டில் யாராவது நிறுத்துவார்களா? எழுந்திரு, நான் ஓட்டுகிறேன்" என்றேன். அன்று இடம் மாறி உட்கார்ந்தவர், அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்தச் சாலையில் வண்டியைத் தொடவில்லை. உம்மாவைப் பார்க்க வேண்டுமானால் எனக்கு விடுமுறை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பொன்னேரியில் பஸ் மாற வேண்டும். மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தவர் பெருநாளுக்குப் பெருநாள் போகிறவரானார். ஒருமுறை என் மாமியார் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததே, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "தெரிந்தால் மட்டும் நான் என்ன பறந்தா போயிருப்பேன்?" என்று அவர் சொன்ன அந்த இரவுதான் எனக்கு உறைத்தது.

இந்த அச்சம் எப்படி வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். சாலையை நினைத்ததும் நெஞ்சு படபடக்கிறது. "போகவில்லை" என்று முடிவு செய்ததும் படபடப்பு நின்றுவிடுகிறது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் அச்சத்திற்கு நாம் கொடுக்கும் தீனி. 'தவிர்த்தாய், தப்பித்தாய்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை சற்று முன்னதாகவே படபடப்பு வருகிறது. முதலில் எண்ணூர்ச் சாலை, பிறகு எல்லா நெடுஞ்சாலையும், பிறகு மேம்பாலம் என்று எல்லை சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சாவி ஆணியிலேயே தொங்கும்.

இதற்கு மருந்து கண்டவர்களுள் ஒருவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்ற பெயரில் ஒரு சிறு குழந்தை வருகிறான். மூன்று வயதுகூட நிரம்பாதவன். முயலைக் கண்டால் அலறுவான். அம்மையார் அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயற்கூண்டைத் தொலைவில் வைத்தார். அவன் அமைதியாக இருக்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகக் கூண்டை அருகே நகர்த்தினார். முடிவில் அந்த முயல் தன் விரலைக் கொறிக்கும்போதும் அவன் பேசாமல் இருந்தான். பின்னர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே இம்முறையை ஒழுங்குபடுத்தி 1958-இல் நூலாக வெளியிட்டார். அச்சத்திற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, குறைந்த மதிப்பெண்ணிலிருந்து படிப்படியாக ஏறச் சொன்னவர் அவர். உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பலவகை அச்சங்களுக்கும் இதைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

நாங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.

ஆனால், படியேறுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அச்சத்தில் நியாயமானது எது, வீணானது எது என்று பிரிக்க வேண்டும். லாரி ஆபத்தானது என்பது நியாயம். 'லாரி என்னை நசுக்கத்தான் வருகிறது' என்பது வீண். நியாயமான பகுதிக்கு மருந்து, விவரம் அறிவது.

டிரெய்லர் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய பம்பருக்கு நேர் முன்னால் உள்ள சில அடி தூரமும், இடப்பக்கக் கதவை ஒட்டிய பகுதியும், வண்டியின் பின்புறமும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். இடப்பக்கம் திரும்பும் டிரெய்லர் முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். உடனே இடப்பக்கம் ஓர் இடைவெளி தோன்றும். அதில் நுழைந்துவிடாதீர்கள். பின்பகுதி உள்வாங்கி வந்து அந்த இடைவெளியை மூடிவிடும். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியபின், நீங்கள் அதே கம்பத்தை அடைய மூன்று வினாடியாவது ஆக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர் இடைவெளி. ஈரச் சாலையில் இன்னும் கூடுதலாக விடுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர்களை எண்ணி, பழகும்வரை இரவில் போகாதிருப்பது கோழைத்தனம் ஆகாது.

இனி, முந்திச் செல்வதன் கணக்கு. 40 அடிப் பெட்டகம் ஏற்றிய வண்டி இழுவை எஞ்சினோடு சேர்ந்து ஏறத்தாழ 16 மீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். அது 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 60-இல் போகிறீர்கள். பின்னால் 20 மீட்டர் தள்ளித் தொடங்கி, முன்னால் 20 மீட்டர் தள்ளிச் சேர்வதற்குப் பத்து அல்லது பதினொரு வினாடி போதும். அதற்குள் உங்கள் கார் சுமார் 180 மீட்டர் ஓடியிருக்கும். அவ்வளவு தூரம் முன்னால் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். அந்தப் பத்து வினாடியிலும் லாரியின் பக்கவாட்டில் நீங்கள் இருப்பது நான்கு வினாடிக்கும் குறைவு. காகிதத்தில் இதைப் போட்டுக் காட்டியபோது என் துணைவியார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மச்சான், ரெண்டு வருஷமா நான் பயந்துக்கிட்டு இருந்தது நாலு வினாடிக்கா?" என்று கேட்டார்.

முதல் வாரம் அவர் ஓட்டவேயில்லை. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்ந்து லாரிகளை எண்ணினார். முந்தும்போதெல்லாம் வாய்விட்டுப் பத்து வரை சொன்னார். நோட்டில் மதிப்பெண் 50. அடுத்து, பஜ்ருத் தொழுகை முடிந்த வேளையில் காசிமேடு வரை அவரே ஓட்டி, சாலையில் ஏறாமல் திரும்பினார்: 60. பிறகு ஏறி, திருவொற்றியூர்க் குப்பம் வரை: 90. அன்று உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கிற்று. மறுநாளும் அதே தூரம்: 75. அதற்கு மறுநாள் 55. ஒரே படியில் மூன்று நான்கு நாள் நின்று, மதிப்பெண் பாதியாகக் குறைந்தபின்தான் அடுத்த படி. எர்ணாவூர் வரை போன அன்று ஒரு டேங்கர் லாரி சடாரென்று வழிமறித்தது, மறுபடி 80. நோட்டைத் தூக்கி எறியப் போனார். ஏறும் படியில் ஒருநாள் சறுக்குவது இயல்பு. மறுநாள் ஒரு படி கீழே இறங்கித் தொடங்கினால் போதும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே படபடப்பு வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நடுச்சாலையில் நிற்கக்கூடாது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, பெட்ரோல் பங்க் போன்ற ஒதுக்கமான இடத்தில் நிறுத்த வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். படபடப்பு உச்சத்திற்குப் போய்ச் சில நிமிடங்களில் தானே இறங்கும். அது உடலின் இயல்பு. இறங்கியபின் ஒரு கிலோமீட்டராவது முன்னே போய்விட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பினால் வென்றது அச்சம் என்றாகிவிடும்.

கிழமையும் முக்கியம். ஞாயிறு விடியற்காலை ஊர் முழுவதும் காசிமேட்டில் மீன் வாங்க நிற்கும். அன்று பயிற்சிக்குப் போகிறவர் திறமைசாலி அல்ல, விவரம் தெரியாதவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களில் துறைமுகப் பக்கம் மீன் லாரிகள் குறையும். நாங்கள் தொடங்கியது அப்போதுதான்.

கணவன்மார்களுக்கு ஒரு சொல். பயிற்சிக் காலத்தில் உங்கள் வாய்தான் அந்தச் சாலையின் மிகப்பெரிய லாரி. "மச்சான், நீங்க பேசாம வந்தா போதும்" என்று எனக்கு உத்தரவு. பயண துஆ ஓதியதோடு என் பேச்சு முடிந்துவிடும். அதைக் கடைப்பிடிக்க நான் பட்ட பாட்டுக்கு நோட்டில் யாரும் மதிப்பெண் போடவில்லை.

இவ்வளவு செய்தும் தீராத அச்சம் உண்டு. விபத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கும், வண்டியில் ஏறாமலே மூச்சு முட்டுகிறவர்களுக்கும் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவர் வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலிமானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறவர்கள் நம் குடும்பங்களில் அதிகம். கண்ணுக்குக் கண்ணாடி போட ஊரைக் கேட்கிறோமா?

வயதாகிவிட்டதே என்றும் சிலர் சொல்வார்கள். சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 24-ஆம் நாள். இளமையைக் கடந்த எத்தனையோ பெண்கள் அதன் பிறகுதான் முதன்முதலாக அங்கே ஸ்டியரிங்கைத் தொட்டார்கள்.

நோட்டில் இருபத்திரண்டு பக்கம் நிரம்பிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை பழவேற்காட்டிற்குப் புறப்பட்டோம். மீஞ்சூரை நெருங்கியதும், வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையைக் காட்டி, "அது ஆறு வழிச் சாலைதானே? அடுத்த மாசம் அதுல போவோம்" என்றார். நான் உத்தரவுப்படி பேசாமல் இருந்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாமி வெளியே வந்து, வழக்கம்போல வலப்பக்கக் கதவருகே போய் என்னை வரவேற்கக் குனிந்தார்கள். உள்ளே மகளைக் கண்டதும் திகைத்து, "நீயா புள்ள ஓட்டிக்கிட்டு வந்தே?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

திரும்பும்போது மாமியும் எங்களோடு ராயபுரம் வந்தார்கள். முன் இருக்கை அவர்களுக்கு. நான் பிள்ளைகளோடு பின்னால். எர்ணாவூர் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு டிரெய்லர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் சக்கரங்கள் தம் தோளுயரத்திற்குச் சுழல்வதைக் கண்ட மாமி, "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"உம்மா, கண்ணைத் திறந்து பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றார் மகள்.

மாமியின் கையில் தஸ்பீஹ் மணிகள் ஒவ்வொன்றாக உருண்டன. பதினோராவது மணியில் லாரி எங்களுக்குப் பின்னால் இருந்தது.