சிரிக்கத் தெரியுமா? அப்போ படிக்கவும் தெரியும்!



"கதைப் புத்தகமா? ஐயோ, ஆளை விடு!" நம்ம பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பலர் சொல்வது இதுதான். என் தம்பியும் அந்தக் கட்சிதான். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பான். புத்தகத்தைக் கொடுத்தால் கொட்டாவி! வீட்டில் எல்லோரும் சோம்பேறி என்பார்கள். எனக்கு அப்படித் தோணலை. வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது தடுமாறினால் பின் பெஞ்சில் சிரிப்பு. முடிச்சதும் கேள்வி. அப்புறம் புத்தகத்தைப் பார்த்தால் பயம் வராதா என்ன?

அவன் கையில் முதலில் மாட்டியது தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. (தேவனின் இயற்பெயர் ஆர்.மகாதேவன். 1913-ல் பிறந்து 1957-ல் மறைந்தவர். ஆனந்த விகடனில் பணியாற்றியவர்.) சாம்பு பாங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊரே அவரை அசடு என்கும். அவர் ஏதோ உளறுவார், எங்கேயோ போய் முட்டிக்கொள்வார், திருடன் தானாக மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பெரிய மூளை வேலை என்று நம்பிவிடுவார். அது வெறும் அதிர்ஷ்டம் என்பது படிக்கிற நமக்குத்தான் தெரியும்!

விஷயமே இங்கேதான் இருக்கு. வகுப்பில் எப்பவும் 'உனக்கு ஒண்ணும் தெரியலையே' என்று கேட்டுப் பழகின பையனுக்கு, கதையில் இன்ஸ்பெக்டரை விடத் தனக்கு அதிகம் தெரிகிறது. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அந்த சந்தோஷம் குறையாது. சிரிப்பு வந்தாலே புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம், மார்க் போட ஆள் வேண்டாம். ஒரு வரியைத் தாண்டிவிட்டால் ஜோக் போச்சு! அதனால் யாரும் சொல்லாமலே அவன் திரும்பிப் போய் நிதானமாகப் படிக்கிறான்.

அந்தக் காலத்துப் பேச்சு சில இடங்களில் புரியாது. பரவாயில்லை, தாண்டிப் போங்க. பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி - சீதாப்பாட்டி கதைகள் இன்னும் சுலபம். (இவர் நிஜப் பெயர் ஜ.ரா.சுந்தரேசன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் புனைபெயர் ஆக்கிக்கொண்டவர்!) ஆங்கிலத்தில் முயற்சி செய்ய ஆசையா? ஜெஃப் கின்னியின் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' இருக்கிறது. 2007-ல் புத்தகமாக வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கார்ட்டூன் இருப்பதால் அகராதி இல்லாமலே ஓடிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் (கோபிக்க வேண்டாம்!). இந்தக் கதைகளுக்கு மட்டும் சுருக்கம் எழுதச் சொல்லாதீங்க. நூலகப் பீரியடில் பத்து நிமிஷம் நீங்களே ஒரு கதையை வாசியுங்கள். சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போங்க. மணி அடிச்சதும் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நேற்று ராத்திரி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, இந்த இடத்தைக் கேளேன்!" என்று தம்பி வந்து சத்தமாக வாசித்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான். அவனே சிரித்துவிட்டு, மேலே வாசித்தான்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி