காலுக்கும் பாய் வேண்டுமா?

அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதை சுமார் 4,265 கிலோமீட்டர். அதை மூட்டையோடு நடப்பவர்களில் சிலர் எடையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட நறுக்கிவிடுவார்கள். படுக்கை விரிப்பைக் குட்டையாக்குவதும் அந்த வகைக் கிறுக்குதான் என்று தோன்றும். ஆனால் இதில் கணக்கு இருக்கிறது. மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் எடை பெரும்பாலும் தோளிலும் இடுப்பிலும்தான் இறங்குகிறது. அங்கேதான் தூக்கப்பையின் பஞ்சு நசுங்கி, குளிரைத் தடுக்கும் சக்தியை இழக்கிறது. விரிப்பு அவசியமாவதும் அங்கேதான்.

தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் ‘இசட் லைட் சோல்’ நுரை விரிப்பு 183 செ.மீ. நீளத்தில் 410 கிராம், 130 செ.மீ. குட்டை வகை 290 கிராம். “மிச்சம் 120 கிராம்தானே, ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லையே?” என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இரவில் முதுகுப்பை சும்மா கிடக்கிறது. காலியாக்கிக் காலுக்கடியில் போட்டால் மீதி நீளம் கிடைத்துவிடுகிறது, கூடுதல் எடை இல்லாமலே. குதிகால் சில்லிட்டுப்போகும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். பனித்தரையில் அதற்கு மறுப்பே இல்லை: குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு இந்த நுரைக்கு 2 மட்டுமே, அங்கே முழு நீளமே போதாது. கோடைக்கால மண்தரையென்றால், தோளிலிருந்து முழங்கால்வரை அளந்து வாங்கினால் போதும். தலைக்குத்தான் துணிமூட்டை இருக்கிறதே.