நம்பிக்கையே முதல்

‘எண்ணம் போல் வாழ்வு’ என்பது நம் முன்னோர் வாக்கு. வெறும் எண்ணம் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்காது என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும், பலருடைய மனங்கள் ஒரே வேளையில் ஒன்றை நம்பிச் செயற்படும்போது, அந்த நம்பிக்கை மெய்ம்மையையே மாற்றிவிடுகிறது. வங்கித்துறையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு கற்பனை வங்கியைக் காட்டுகிறார். நல்ல நிலையில் இயங்கும் அவ்வங்கி நொடித்துப்போகும் என்று வதந்தி பரவுகிறது. மக்கள் திரண்டு பணத்தைத் திரும்பக் கேட்கின்றனர். வங்கி உண்மையிலேயே நொடிக்கிறது. பொய்யாகத் தொடங்கிய செய்தி, நம்பப்பட்டதாலேயே மெய்யாகிவிட்டது.

இதில் மாயம் எதுவுமில்லை. நாம் செலுத்தும் வைப்புத்தொகையில் ஒரு பகுதியே ரொக்கமாக இருக்கும். எஞ்சியது ஒருவருக்கு வீட்டுக் கடனாகவும், மற்றொருவருக்குத் தொழிற்கடனாகவும் பயன்படுகிறது. அக்கடன்களை ஒரே நாளில் திரும்பப் பெற இயலாது. எனவே, எல்லாரும் ஒருசேர அஞ்சினால் நல்ல வங்கியும் தடுமாறும்.

அச்சத்திற்கு உள்ள ஆற்றல் நம்பிக்கைக்கும் உண்டு. 1933 மார்ச் மாதம் அமெரிக்காவில் வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன. மார்ச் 12 இரவு, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். வங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிய சொற்களில் விளக்கி, நல்ல நிலையில் உள்ளவை மட்டுமே திறக்கப்படும் என உறுதியளித்தார். வங்கிகள் திறந்தபோது, எடுத்த பணத்தை மீண்டும் செலுத்த மக்கள் வரிசையில் நின்றனர். இரண்டு வாரங்களுக்குள், பதுக்கப்பட்ட ரொக்கத்தில் பாதிக்கும் மேல் வங்கிகளுக்குத் திரும்பியது.

இங்கு ஒன்றை மறக்கலாகாது. பேச்சு மட்டும் இதனைச் சாதிக்கவில்லை. அதன் பின்னே அவசரச் சட்டமும் தணிக்கையும் இருந்தன. நலிந்த வங்கிகள் பல திறக்கப்படவேயில்லை. அடித்தளமற்ற நம்பிக்கை நெடுநாள் நிலைக்காது.

இந்தியாவில் அத்தகைய அடித்தளங்களுள் ஒன்று வைப்புக் காப்பீடு. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கியின் வீழ்ச்சி வைப்பாளர்களை உலுக்கிய பின், 1962 ஜனவரி முதல் நாளில் வைப்புக் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அன்று காப்பீட்டு வரம்பு ரூ.1,500, 2020 பிப்ரவரி முதல், அசலும் வட்டியும் சேர்த்து, வங்கி ஒன்றில் வைப்பாளர் ஒருவருக்கு ரூ.5 லட்சம். இதற்கான கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது. இத்தகைய பாதுகாப்பு இருப்பதே பதற்றத்தைத் தடுக்கிறது என்பதை டயமண்ட், டிப்விக் என்னும் பொருளியலாளர்கள் 1983-இல் விளக்கினர். 2022-இல் நோபல் பரிசும் பெற்றனர்.

அன்று வதந்தி பரவப் பகல் முழுதும் தேவைப்பட்டது; இன்று கைப்பேசியில் ஒரு விரலசைவு போதும். ஆகவே, அத்தகைய செய்தி வரும்போது அதனைப் பிறருக்கு அனுப்புமுன் சற்று நில்லுங்கள். கிளையில் கேளுங்கள், ரிசர்வ் வங்கியின் அறிவிப்பைப் பாருங்கள். பதறாத மனம் தன் சேமிப்பை மட்டுமன்றி, அண்டை வீட்டாரின் சேமிப்பையும் காக்கிறது.