செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரைக் கோல்ப் நிலம்

கோல்ப் விளையாட்டைப்பற்றி நம் மாணவர்களிற் பெரும்பாலோர்க்குக் கேள்வியறிவேயன்றிக் காட்சியறிவு இல்லை. சிறு பந்தொன்றை மட்டையால் அடித்துத் தொலைவிலுள்ள குழியிற் சேர்த்தலும், பதினெட்டுக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவன் வெல்லுதலுமே அதன் சுருக்கம். இதில் என்ன வியப்பு என்று வினவுவோர், ஸ்காட்லாந்து தேசத்துக் கீழ்க்கரையிலே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரையடுத்துக் கிடக்கும் ‘ஓல்டு கோர்ஸ்’ என்னும் பழைய ஆடுகளத்தைப்பற்றிச் சிறிது அறிவாராயின், அவ்வினாவைத் தாமே விட்டொழிப்பர்.

இத்தகைய நிலத்தை ஸ்காத்தியர் ‘லிங்க்ஸ்’ என்பர். கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் அது. கடல் பின்வாங்கியவிடத்தே காற்று மணலை வாரிக் குவித்து மேடும் பள்ளமுமாக்க, அதன்மேல் மெல்லிய புல் முளைத்து அடர்ந்தது. உழவுக்கு உதவாமையின், ஆடு மேயவும், துணி உலர்த்தவும், ஊரார் விளையாடவும் அதனை விட்டுவைத்தனர். மழை நீர் விரைந்து மணலுள் இறங்கிவிடுதலால் தரை இறுகியே நிற்கும். இறுகிய தரையில் வீழ்ந்த பந்து வீழ்ந்தவிடத்து நில்லாது நெடுந்தூரம் ஓடும். இவ்வோட்டத்தை மனத்திற் கொண்டாலன்றி அங்கே ஆடுதல் இன்னதென்பது விளங்காது.

ஆட்டத்தின் பழமையோ பெரிது. குடிகள் வில்வித்தையை மறந்து கோல்பிற் காலங் கழிக்கின்றனரென்று 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துப் பார்லிமெண்டு அதனைத் தடுத்துச் சட்டமியற்றிற்று. சட்டம் போயிற்று, ஆட்டம் நின்றது. 1552இல் அவ்வூர்ப் பேராயர் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனத்தால், அந்நிலத்தில் ஆடும் உரிமை நகர மக்கள் அனைவர்க்கும் உறுதியாயிற்று. ஆயினும் 1797இல் நகரசபை கடனில் மூழ்கி நிலத்தை விற்றுவிடவே, வாங்கியவர்கள் அதில் முயல் வளர்க்கத் தலைப்பட்டனர். முயல்கள் தோண்டிய வளைகளிற் பந்துகள் மறைந்தன. ஊராருக்கும் முயல் வணிகர்க்கும் வழக்கும் கைகலப்பும் பல்லாண்டு நடந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1974 முதல் பார்லிமெண்டுச் சட்டப்படி ஒரு தர்மஸ்தாபனம் அதனை ஆண்டுவருகிறது. உலகப் புகழ்பெற்ற அக்களத்தில் இன்றும் எளியவனொருவன் பெயர் கொடுத்து, சீட்டுக் குலுக்கலிற் பேறு வாய்த்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலோ, பெரும் போட்டிக் காலங்கள் நீங்கலாக, ஆட்டமின்றி ஊரார் உலாவுமிடமாக அது விளங்குகிறது.

இடையே ஒன்று சொல்லிவைப்போம். அந்நகரில் ‘மதராஸ் காலேஜ்’ என்றொரு பாடசாலை உண்டு. அவ்வூரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் போதகர் நம் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திவந்த காலத்தில், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுத்தெழுதிப் பயிலுதலைக் கண்டு, மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அவர் வைத்துப்போன பொருளால் 1833இல் எழுந்ததே அப்பாடசாலை.

இனிக் களத்தின் அமைப்பு. ஆடுவோர் நகரத்தினின்று புறப்பட்டு ஈடன் ஆற்றின் கழிமுகம்வரை சென்று, அங்கே ஒரு வளையம் சுற்றித் திரும்புவர். 1764இல் குழிகள் சிலவற்றை ஒன்றாக்கி, சுற்றுக்கு இருபத்திரண்டாயிருந்ததைப் பதினெட்டாகக் குறைத்தனர். உலகெங்கும் பதினெட்டு வழங்குவது அதனாலேயே. குழியைச் சூழ்ந்த பசுந்தரைகளில் ஏழு இரட்டைத் தரைகளாம்: போகிறவர்க்கொரு குழியும் வருகிறவர்க்கொரு குழியுமாக ஒரே தரையில் இரண்டிருக்கும். அவ்விரண்டின் எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினெட்டே வரும். இரண்டாவதற்குப் பதினாறு துணை, ஏழாவதற்குப் பதினொன்று துணை. கணக்குப் படிக்கும் மாணவர் இதனை விரும்புவர்.

பங்கர் எனப்படும் மணற்குழிகள் 112 உள்ளன. ஆடுகள் கடற்காற்றுக்கு ஒதுங்கிக் கிடந்த பள்ளங்களே அவற்றிற் பல என்பர். பதினான்காம் குழிக்குப் போகும் வழியிலுள்ளதொன்றுக்கு நரகம் என்றே பெயர். இவற்றிற் பல அடிக்குமிடத்தினின்று கண்ணுக்குப் புலப்படா. ஆதலின் முதன்முறை ஆடுவோன் தன்னூர்ப் பழக்கப்படி பந்தை வானளாவ எழுப்புவானாயின், காற்று அதனைப் பறித்துக் கொண்டுபோய்ப் பள்ளத்திற் போடும். அறிந்தவனோ பந்தைத் தாழவிட்டு, பசுந்தரைக்கு முன்னரே வீழ்த்தி, மேடுபள்ளங்களின் வழியே உருண்டோடச் செய்வான். காலையில் முதுகிற் பட்ட காற்று மாலையில் திசை மாறி முகத்தில் மோதுதலும் உண்டு; அப்பொழுது நேற்று ஆடிய களம் இன்று வேறாகிவிடும்.

எல்லாவற்றுள்ளும் கொடியது பதினேழாம் குழி. முதலடியை ஹோட்டலொன்றின் மூலைக்கு மேலாகவே செலுத்தவேண்டும். பசுந்தரை குறுகியது, அதன் முன்புறத்தே ஆழ்ந்த மணற்குழி, பின்புறத்தே சாலையும் மதிலும். 1978ஆம் ஆண்டுப் போட்டியில் ஜப்பானியராகிய நக்காஜிமா இரண்டே அடியிற் பசுந்தரையை அடைந்தும், மூன்றாம் அடியில் பந்து உருண்டு மணற்குழியில் வீழ, அதனை வெளியேற்ற நான்கடி செலவிட்டு, அக்குழியை ஒன்பதடியில் முடித்தார். 2000இல் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒரு மணற்குழியிலேனும் வீழாது வென்றாரென்பதன் அருமை இதனால் விளங்கும்.

இக்களத்தொடு நெஞ்சு பிணிப்புண்டவர் பாபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர். 1921இல், பத்தொன்பது வயதில், மூன்றாம் சுற்றிற் பதினோராம் குழியின் மணலிலே சிக்கித் தவித்து, சினங்கொண்டு, பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு போட்டியைவிட்டு விலகினார். பலர் அத்துடன் அவ்வூரை வெறுத்திருப்பர். அவரோ 1927இல் மீண்டும் அங்கே வந்து ஆறடி முந்தி வென்றார். 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் அங்கேயே பெற்றார். பிற்காலத்தில் முதுகுத்தண்டு நோயால் நடை தளர்ந்தவராக 1958இல் வந்தபோது, நகரத்தார் அவரைக் கௌரவக் குடியாக ஏற்றுக்கொண்டனர். அவருக்கு முன் அப்பேறு பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே, அது 1759இல். பழஞ்சாசன முறைப்படி ஜோன்ஸுக்கு அன்று கிடைத்த உரிமைகளாவன: அந்நிலத்தில் முயல் பிடிக்கலாம், புற்கரண் வெட்டலாம், துணி உலர்த்தலாம்.