கடல்புல்லை மொட்டையடித்த பேராமைகள்: அகத்தி தீவில் நடந்தது என்ன?

பெருங்குடி ஓ.எம்.ஆர். ஆபீஸ்களில் இருந்து நீலாங்கரை பீச் கொஞ்ச தூரம்தான். அங்கே ஜனவரி தொடங்கி முட்டையிட வருவது பங்குனி ஆமை. நண்டு, நத்தை, ஜெல்லி மீன் என்று கிடைப்பதைச் சாப்பிடும். பேராமை எனப்படும் பச்சை ஆமை வேற ரகம். குட்டியாக இருக்கும்போது எல்லாமே தின்னும். வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் கடல்புல்லும் பாசியும்தான். பச்சை என்பது ஓட்டின் நிறம் இல்லை, உள்ளே இருக்கும் கொழுப்பின் நிறம்!

ஆமை என்ன தின்றது என்று எப்படித் தெரியும்? தொண்டை வழியாகக் குழாய் விட்டு, தண்ணீர் செலுத்தி, கடைசியாகத் தின்றதை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். துளியூண்டு தோலில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தால் பல மாத மெனுவே கிடைத்துவிடும்.

சிக்கல் லட்சத்தீவில். அகத்தி தீவைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலில் பேராமைகள் கூட்டமாக மேய்ந்ததில் கடல்புல் வெளி தேய்ந்துபோனது. தீர்ந்ததும் அடுத்தடுத்த தீவுகளுக்கு நகர்ந்தன. 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பதிவு செய்திருக்கிறது. புல்லுக்குள் வளரும் மீன்குஞ்சுகள் போச்சு, மீன்பாடும் குறைஞ்சு போச்சு என்பது மீனவர்களின் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் ஆமையைத் தொட முடியாது; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.