மூக்குக்கு வேண்டியது எண்ணெயா, தண்ணீரா?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற கீழப்பாவூரில் அதே நாட்களில் "மூக்கு காய்ஞ்சு எரியுது" என்பார்கள். இரண்டையும் செய்வது ஒரே காற்றுதான். கேரளத்துப் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலை ஏறும்போது ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே மழையாக விட்டுவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சரிவில் இறங்கி வரும்போது கொஞ்சம் சூடாகிறது. சூடான காற்றுக்கு ஈரத்தின் மேல் பசி அதிகம். கண்ட இடத்திலெல்லாம் உறிஞ்சும். காயப்போட்ட துணியில் உறிஞ்சும், மண்ணில் உறிஞ்சும், மூக்கிலும் உறிஞ்சும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகம் வேறு அதற்குச் சேர்ந்திருக்கிறது.

பாவூர்சத்திரம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அண்ணாச்சி, மூக்குக்குள்ள ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டா சரியாயிரும்லா?" நல்ல கேள்வி. பதில் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிவதில்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். முதலில் மூக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணெய்க்கு வருவோம்.

ஒரு நாளில் சுமார் 10,000 லிட்டர் காற்று நம் மூக்கு வழியாகப் போகிறது. அது எவ்வளவு காய்ந்த காற்றாக இருந்தாலும் நுரையீரலுக்குள் போகும்போது உடம்புச் சூட்டிலும் முழு ஈரத்திலும் இருக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதியை மூக்கு சில அங்குல நீளத்துக்குள் முடித்துவிடுகிறது. இரண்டு பக்கச் சுவர்களிலும் மும்மூன்று மடிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ரத்தம் நிறைய ஓடுகிறது. காற்று மடிப்புகளில் உரசிக்கொண்டு போகும்போது சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது.

அந்த மடிப்புகளின் மேல் சளிப்படலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. அடியில் தண்ணீர் போன்ற அடுக்கு, மேலே பிசுபிசுப்பான அடுக்கு. தண்ணீர் அடுக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவை போல அசைந்து, மேல் அடுக்கில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். நாற்று நட்ட வயலை நினைத்துப் பாருங்கள்: தண்ணீர் நிற்கிறவரை நாற்று அசையும், தண்ணீர் வற்றிச் சேறு இறுகினால் அசைவு நின்றுவிடும். மூக்கு காய்வதும் அப்படித்தான். அடி அடுக்கு வற்றினால் நுண்மயிர்கள் மேல் பிசினில் ஒட்டிக்கொள்கின்றன. தள்ளப்படாத சளி நின்ற இடத்திலேயே பொருக்காகிறது.

பொருக்கு உறுத்தும். உறுத்தினால் விரல் தானாகப் போகும். நகம் பட்டால் தோல் கிழியும். இரண்டு துளைகளையும் பிரிக்கிற நடுச்சுவரின் முன்பகுதியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பல வந்து கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சில்லுமூக்கு உடைந்தது என்கிறோமே, பெரும்பாலும் உடைவது அந்த இடம்தான். ரத்தம் காய்ந்தால் அது இன்னொரு பொருக்கு. அதையும் நோண்டுவோம். பல பேருக்கு மாதக்கணக்கில் மூக்கு ஆறாமல் இருப்பதற்கு இந்தச் சுற்றே காரணம். காற்று தொடங்கி வைத்ததை விரல் முடிய விடுவதில்லை.

காற்று ஒன்றையே குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூள், தலைக்கு மேல் ஃபேன். குனிந்த முகத்துக்கு நேராகத் தூள் எழும்புகிறது. புகையிலைத் தூசி மூக்கின் தோலை அரிக்கும். மூக்குப்பொடி போடுகிறவருக்கு வரும் எரிச்சலும் வறட்சியும் பொடியே தொடாத இந்தப் பெண்களுக்கும் வரலாம். ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காமல், தூசி முகத்தை விட்டு விலகிப் போகும்படி முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வைத்துக்கொண்டாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நல்ல முகக்கவசம் இன்னும் நல்லது. மர அறுவை மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு அது கட்டாயம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது ஏசி. ஏசி ஓடும்போது வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர், அறைக்காற்றில் இருந்த ஈரம்தான். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போய் இரவும் பகலும் ஏசியில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று முகத்தில் நேரே அடிக்காதபடி தகட்டைத் திருப்பி, 25, 26 டிகிரியில் வைப்பது போதும். அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஈரத்துணியைக் கொடியில் விரித்துப் போட்டால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் மூக்குக்குச் சுகம்.

மாத்திரைகளையும் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமின் போன்றவை மூக்கையும் வாயையும் சேர்த்தே காய வைக்கும். மூக்கடைப்புக்கு விடுகிற சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் விடவே கூடாது. விட்டால் மருந்து இறங்கியதும் அடைப்பு முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பும், மறுபடி விடச் சொல்லும், அதற்குள் தோல் காய்ந்து புண்ணாகும். டாக்டர் எழுதிக்கொடுத்த ஒவ்வாமை ஸ்ப்ரே என்றால், வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கச் சுவரில் போய்ப் படும்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். நல்லெண்ணெயை நம்புகிறவர்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள், குளிர்காலத்தில் மூக்கு காய்ந்து அவதிப்பட்ட 79 பேரிடம் சுத்திகரித்த நல்லெண்ணெய் ஸ்ப்ரேயையும் உப்புநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு நல்லெண்ணெயால் தொந்தரவு குறைந்தது, உப்புநீரால் குறைந்தவர்கள் அதைவிடக் கம்மி. 2001-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆக, காய்ந்த மூக்குக்கு எண்ணெய் இதம் தரும் என்ற நம் அனுபவம் பொய்யில்லை. எண்ணெய் மெல்லிய படலமாக நின்று, இருக்கிற ஈரம் பறந்துபோகாமல் காக்கிறது. ஆனால் ஈரத்தை அது கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே வற்றிய மூக்கில் எண்ணெயை மட்டும் விட்டால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். எண்ணெய் அப்படி இருமலைக் கிளப்பாது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே அது தேங்கி, சுற்றிலும் அழற்சி உண்டாகும். பெரியவர்களுக்கே, படுக்கும் முன் மூக்குக்குள் எண்ணெயோ வாசலினோ நிறைய வைக்கிற பழக்கம் பல மாதம் நீடித்தால் இது வரலாம். பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பச்சைப்பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிற வழக்கம் நம்மிடம் பல தலைமுறையாக இருக்கிறது. இதனால் தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வரும் நுரையீரல் நோயைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வழக்கம் இன்னும் முழுதாக ஓயவில்லை. உடம்புக்குத் தேய்ப்பதை யாரும் தடுக்கவில்லை. மூக்கில் விடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

எனவே முறை இதுதான். முதலில் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். வெறும் தண்ணீர் விட்டால் எரியும், ஏனென்றால் நம் உடம்பின் நீரில் உப்பு கலந்திருக்கிறது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது ரத்தத்தின் உப்பளவுக்குச் சமமான கணக்கு. வீட்டில் செய்வதானால் கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புத்தூள். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு என்று கேளுங்கள், அதிக விலை இல்லை. ஒரு நாளில் நான்கைந்து தடவை விட்டாலும் பழகிப்போகாது, கெடுதலும் இல்லை. கைக்குழந்தைக்கும் கடையில் வாங்கிய உப்புநீர்ச் சொட்டே போதும்.

தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ குடிக்க நன்றாக இருக்கலாம், மூக்குக்கு அது போதாது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அமீபாக்களில் ஒன்றான நெக்லேரியா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள்.

உப்புநீர் விட்டுக் கொஞ்ச நேரத்தில் பொருக்கு ஊறிவிடும். மெதுவாகச் சிந்தினால் தானாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த தடவை வரும். அதன் பிறகு மூக்கின் வாசலில் மட்டும், உள்ளே அரை அங்குலம் தாண்டாமல், சுண்டுவிரல் நுனியால் மெல்லிய பூச்சு. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் கலந்த உப்பு ஜெல் இருந்தால் அதுவே நல்லது. நல்லெண்ணெயோ வாசலினோ என்றால் துளி போதும், படுக்கப் போவதற்குப் பல மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்கிறவர்கள் எண்ணெயும் வாசலினும் தொடவே கூடாது, தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு. அவர்களுக்கு நீர் கலந்த ஜெல்தான்.

தைலம் உறிஞ்சினால் மூக்கு திறந்தது போலத் தோன்றும். அதிலிருக்கும் மெந்தால், குளிரை உணர்த்தும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஈரம் ஒரு துளியும் சேராது, புண்ணான மூக்கில் எரிச்சல்தான் கூடும். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகம், ஆனால் பிள்ளைகளை வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலேயே விடாதீர்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா என்பார்கள். வெயிலில் வேலை செய்து உடம்பு வற்றியிருந்தால் சரியாகும். இல்லையென்றால் கூடுதலாகக் குடித்தது மூக்குக்குப் போகாது.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரு விரலால் அழுத்திப் பிடித்து வாயால் மூச்சு விடுங்கள். பதினைந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல். அரை மணி நேரமாகியும் நிற்காவிட்டாலோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலோ தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

வெறும் வறட்சி என்று தள்ளிவிடக் கூடாதவை சில உண்டு. மூக்கோடு கண்ணும் வாயும் சேர்ந்து மாதக்கணக்கில் காய்ந்திருந்தால் அது ஸ்யோக்ரன் என்ற நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரச் சுரப்பிகளைத் தாக்குவதால் வருவது. பெண்களுக்கே அதிகம். இன்னொன்றை வீட்டுக்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள்: மூக்கின் உள்தோல் மெலிந்து, பச்சை நிறப் பொருக்கு கட்டி, பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பும் அளவுக்கு நாற்றம் வரும். நோயாளிக்கு மோப்பம் போயிருக்கும், அவருக்கு அது தெரியாது. இளம்பெண்களைப் பிடிக்கிற இந்த நோயால் பேச்சும் பழக்கமும் குறைந்து ஒதுங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். இது அசுத்தத்தால் வருவதில்லை, அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. தொடர்ந்து கழுவுவதாலும் மருந்தாலும் நன்றாகக் கட்டுப்படும்.

மர மில் தொழிலாளர்களுக்கு முகக்கவசம் ஏன் என்றால், மரத்தூள் மூக்குக்குள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே உறுதி செய்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊரின் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அது முதலில் 1960-களில் கண்டறியப்பட்டது. அரிதான நோய்தான். இருந்தாலும் ஒரே பக்கம் அடைப்பு, ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் என்றால், மரத்தூளில் வேலை செய்கிறவரோ இல்லையோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இனி எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் ஒரு சொட்டும் விட வேண்டாம் என்று குளிப்பாட்டுகிற ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.